அம்மா செய்தது தொண்டா?

அம்மா செத்த அன்று ராத்திரி எங்கள் காலனிப் பையன்கள் கண்ணீர் அஞ்சலி போஸ்டருக்கு வாசகம் கேட்டு வந்து நின்றார்கள். "யக்கா, நீதான் எம்.ஏ. தமிழ் படிச்சிக்கிற. ஆயாவப் பத்தி நாலு வரி எழுதிக் குடு. 'தன்னலமற்ற தொண்டு'ன்னு கண்டிப்பா வரணும்." பேனாவை எடுத்தேன். 'தன்னலமற்ற' வரைக்கும் எழுதினேன். அடுத்த சொல்லுக்குக் கை போகவில்லை.

துக்க வீட்டில் சொல்லாராய்ச்சி என்ன வேண்டிக்கிடக்கிறது என்று தோழர்கள் கேட்கலாம். அடுத்தவன் வைத்த பேர்களாலேயே காலங்காலமாக அடிபட்டவர்கள் நாம். செத்தவளுக்கு நாம் வைக்கும் பேரையாவது பார்த்து வைக்க வேண்டாமா?

சென்னைப் பல்கலைக்கழகப் பேரகராதியில் தொண்டு என்பதற்கு அடிமைத்தனம் என்ற பொருளும் கிடக்கிறது. கிறிஸ்தவர்கள் ஊழியம் என்கிறார்கள். திருவிதாங்கூரில் ஊழியம் என்றால் ஒடுக்கப்பட்ட சாதிகளிடம் கூலியில்லாமல் வாங்கிய கட்டாய வேலை. சோழர் கல்வெட்டுகளில் வருகிற 'வெட்டி'யும் அதுதான். கூலியில்லாமல் மாடாய் உழைத்ததைக் குறித்த சொல்லை வைத்து, வேலையே செய்யாதவனை இன்றைக்கு 'வெட்டிப்பய' என்று திட்டுகிறோம். பெரியபுராணத்தில் நந்தனாரின் தொண்டு என்ன? கோயில் முரசுகளுக்குத் தோலும் வாரும் கொடுப்பது, யாழுக்கும் வீணைக்கும் நரம்பு கொடுப்பது. தோல் உள்ளே போகும். கொடுத்தவர் வெளியே நிற்பார். வாணியம்பாடியில் இருக்கிற எனக்கு இது பழங்கதையாகத் தெரியவில்லை. இங்கே பதப்படுத்திய தோல் கப்பலேறிப் போகிறது, கழிவு பாலாற்றில் நம்மோடு நிற்கிறது.

அம்மா தோல் ஷாப்பில் உப்பு உதறுகிற வேலைக்குப் போனவள். நாள் கூலி. அது போக, சேரியில் பிரசவம் பார்ப்பாள். முதியோர் பென்ஷன், ரேஷன் கார்டு, சாதிச் சான்றிதழ் என்று யாராவது தாலுக்கா ஆபீசுக்குப் போனால் கூடப் போய் உட்காருவாள். கை மீறின பிரசவம் என்றால் வேலூர் பெண்ட்லெண்ட் ஆஸ்பத்திரிக்கு பஸ்ஸேற்றிக் கூட்டிப்போவாள். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கம் வந்தபோது தெருவிளக்கடியில் கையெழுத்துப் போடக் கற்றாள். அப்புறம் தன்னைவிட மூத்த கிழவிகளைப் பிடித்து உட்காரவைத்து அவர்களுக்கும் சொல்லிக்கொடுத்தாள். இயக்கக் கூட்டம் என்றால் ஐம்பது பேருக்கு அவள்தான் சோறாக்குவாள். மேடையில் அவளுக்கு நாற்காலி போட்டு நான் பார்த்ததில்லை.

வேலைக்குப் போகாத நாளுக்குக் கூலி கிடையாது. அந்த வாரம் எங்கள் வீட்டுக் குழம்பு தண்ணியாக இருக்கும். ஊருக்குத் தெரிந்தது அம்மாவின் தொண்டு, எனக்குத் தெரிந்தது தண்ணிக் குழம்பு. நான் டைபாய்டில் கிடந்தபோது அவள் வேறொரு வீட்டுப் பெண்ணோடு மூன்று ராத்திரி ஆஸ்பத்திரியில் இருந்தாள். அதை மன்னித்துவிட்டேனா என்று இன்னும் எனக்கே தெரியாது. தன்னலமற்ற என்கிறோம். அந்தத் 'தன்'னுக்குள் நானும் என் தம்பியும் இருந்தோம். எங்களைக் கேட்காமல் எங்கள் பங்கையும் சேர்த்துத்தான் கொடுத்தாள்.

அப்படியானால் அவள் செய்தது வெறும் வெட்டிதானா? கொஞ்ச காலம் நான் அப்படித்தான் பேசிக்கொண்டிருந்தேன். ஒரு சம்பவம் அதற்கு இடம் கொடுக்கவில்லை.

எனக்கு ஒன்பது வயசிருக்கும். ஊர்த்தெருவிலிருந்து ஓர் ஆள் வந்தான். "பெரிய வூட்டு மருமவளுக்கு நோவு எட்த்துக்கிச்சி. ஒன்ன ஒடனே வரச் சொன்னாங்க." அந்த வீட்டுக்குப் போனால் பின்வாசல் வழியாகத்தான் போகவேண்டும். பிரசவம் முடிந்ததும் ரத்தத்துணியெல்லாம் அலசிவிட்டு வரவேண்டும். திண்ணை ஓரத்தில் ஒரு முறம் கேழ்வரகு வைத்திருப்பார்கள், கையில் தரமாட்டார்கள். என் ஆயா காலமெல்லாம் அப்படிப் போனவள். அம்மா எழுந்திருக்கவில்லை.

"கேட்டா வர்றேன். வரச் சொன்னா வரமாட்டேன். அந்தப் பொண்ணோட அம்மாவோ புருசனோ இங்க வந்து கேக்கச் சொல்லு. இல்லாங்காட்டி காரு வெச்சிகினு வேலூருக்குப் போவச் சொல்லு."

யாரும் வந்து கேட்கவில்லை. பத்து மணிவாக்கில் ஒரு கார் எங்கள் தெருமுனையைத் தாண்டிப் போனது. அம்மா விடியவிடியத் தூங்கவில்லை. மறுநாள் அந்த ஆளின் பெண்சாதியைத் தேடிப்போய், "அந்தப் பொண்ணுக்கு இன்னாச்சி?" என்று கேட்டாள். தாயும் பிள்ளையும் நல்லா இருக்காங்க என்று தெரிந்த பிறகுதான் வந்து படுத்தாள்.

அம்மா செய்தது சரியா? வலியில் துடித்தவள் ஆளனுப்பவில்லை. நூற்றாண்டுகளின் வெட்டியைத் தூக்கிப்போட அம்மா தேர்ந்தெடுத்த ராத்திரிக்கு அந்தப் பெண்ணின் உயிர் விலையாகியிருக்கலாம். இருநூறு அடி நடந்துவந்து ஒரு வார்த்தை கேட்க முடியாத ஆம்பளைகள்தான் அவளை அந்த நிலையில் வைத்தார்கள் என்று நான் வாதாடுவேன். இப்போதும் அதுதான் என் கட்சி. ஆனால் அம்மா இந்தப் பதிலை வைத்துக்கொண்டு நிம்மதியாகத் தூங்கவில்லை. மறுக்கவும் மறுத்தாள், மறுத்ததன் பாரத்தையும் சுமந்தாள். சேரியில் அவள் போன ஒவ்வொரு வீட்டுக்கும் மனசறிந்துதான் போனாள் என்பதை இந்த ஒரு மறுப்பை வைத்துத்தான் நான் நம்புகிறேன்.

இந்த நம்பிக்கையும் முழுசாக நிற்கவில்லை. அரசியல் சட்டத்தின் 23ஆம் பிரிவு கட்டாய உழைப்பைத் தடைசெய்கிறது. 1982இல் ஏஷியாட் தொழிலாளர் வழக்கில் உச்சநீதிமன்றம் ஒன்றைச் சொன்னது: சாட்டை மட்டுமல்ல, பசியும் வறுமையும் ஒருவனைக் குறைந்தபட்சக் கூலிக்கும் கீழே வேலை செய்ய வைத்தால் அதுவும் கட்டாயம்தான். சரி, பாசம்? பக்கத்து வீட்டில் ஒருத்தி அலறுகிறாள், தெருவில் டாக்டர் இல்லை, ராத்திரி பஸ் இல்லை. இங்கே போகாமல் இருக்க அம்மாவால் முடியுமா? அரசாங்கம் செய்யவேண்டியதைச் செய்யாமல் விட்ட இடத்தில் அவள் மனசு போய் மாட்டிக்கொண்டது. அதற்கு 'தொண்டு' என்று மாலை போட்டுவிட்டால் ஆஸ்பத்திரி கட்டாதவன் தப்பித்துக்கொள்கிறான்.

அன்னை மீனாம்பாள் சிவராஜ் நினைவுக்கு வருகிறார். 1904இல் ரங்கூனில் பிறந்தவர், வசதியான குடும்பம். தந்தை வாசுதேவப்பிள்ளை சென்னை மாநகராட்சி உறுப்பினர். 1928இல் சைமன் குழுவை ஆதரித்துப் பேசினார். 1938 நவம்பர் 13 அன்று சென்னையில் நடந்த, ஈ.வெ.ரா.வுக்குப் 'பெரியார்' பட்டம் தந்த பெண்கள் மாநாட்டில் பங்கெடுத்தவர். 1945இல் பம்பாயில் பட்டியல் சாதிக் கூட்டமைப்பின் பெண்கள் மாநாட்டுக்குத் தலைமை தாங்கினார். 1992இல் இறந்தார். இவ்வளவு நீண்ட பொதுவாழ்வில் நம் ஆட்கள் மேடைக்கு மேடை சொல்வது அவர் அம்பேத்கருக்குச் சமைத்துப் போட்டதைத்தான். தலைவி என்று தொடங்கினாலும் அடுப்பங்கரையில்தான் கொண்டுபோய் முடிக்கிறோம்.

அவர் கௌரவ நீதிபதியாகவும் இருந்தார். கௌரவப் பதவிக்குச் சம்பளம் கிடையாது. வசதியிருந்ததால் அவரால் அதை ஏற்கவும் முடியும், வேண்டாம் என்று உதறவும் முடியும். அதே 'கௌரவ' என்ற சொல்லைத்தான் 1975இல் அங்கன்வாடித் திட்டம் வந்தபோது அதில் வேலை செய்யும் பெண்கள் தலையிலும் கட்டினார்கள். சம்பளம் இல்லை, மதிப்பூதியம். அவர்கள் அரசுப் பணியிடத்தில் இருப்பவர்கள் அல்ல என்று 2006இல் உச்சநீதிமன்றம் சொன்னது. பணிக்கொடைக்கு உரிமையுண்டு என்று அதே நீதிமன்றம் சொல்ல 2022 ஆகிவிட்டது. வசதியுள்ளவருக்குக் கௌரவம் கௌரவமாக இருக்கிறது, இல்லாதவளுக்கு அது கூலி குறைப்பு.

இதையெல்லாம் நம் பெண்கள் அப்போதே தெரிந்து வைத்திருந்தார்கள். 1942 ஜூலையில் நாகபுரியில் ந. சிவராஜ் தலைமையில் அந்தக் கூட்டமைப்பு உருவானபோது, சுலோசனாபாய் டோங்ரே தலைமையில் பெண்களின் மாநாடு தனியாக நடந்தது. அதில் உழைக்கும் பெண்களுக்கு விடுப்பு வேண்டும், ஓய்வூதியம் வேண்டும் என்று தீர்மானம் போட்டார்கள். எங்களைத் தியாகிகள் என்று பாடுங்கள் என்று அவர்கள் கேட்கவில்லை. எங்கள் அம்மாவுக்கு விடுப்பும் கிடைக்கவில்லை, ஓய்வூதியமும் கிடைக்கவில்லை. ஷூ கம்பெனிக்காக வீட்டில் உட்கார்ந்து மேல்தோல் தைக்கிற பெண்களோடு நான் சங்க வேலை பார்க்கிறேன். ஜோடிக் கணக்கில் காசு வாங்கும் அவர்களிடம் "உங்கள் உழைப்புக்கு விலை கேளுங்கள்" என்று பேசிவிட்டு வீட்டுக்கு வந்து, அம்மா எடுத்துவைத்த சோற்றைக் கேள்வி கேட்காமல் சாப்பிட்டவள்தான் நானும்.

கடைசியில் போஸ்டரில் அம்மாவின் பேரையும் வருஷங்களையும் போட்டு, கீழே இரண்டு வரி எழுதிக்கொடுத்தேன். 'கேட்ட வீட்டுக்கெல்லாம் போனவர். ஒரு வீட்டுக்குப் போக மறுத்தவர்.' பையன்கள் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்தார்கள். "ரெண்டாவது வரி எதுக்குக்கா?" என்றான் ஒருவன். சொன்னேன். அப்படியே அச்சடித்து ஒட்டினார்கள்.

காரியம் முடிந்து நாலாம் நாள் ராத்திரி கதவைத் தட்டினார்கள். "ஆயா இல்லன்னு தெரியும். 108க்குப் போன் போட்டாச்சி. கூட ஏறத்தான் ஆளில்ல." விடிந்தால் எனக்கு ஆம்பூரில் கூட்டம். கேட்டார்கள், வரச் சொல்லவில்லை. ஏறினேன். வேலூர் போய்ச் சேர்ந்த பிறகுதான் கூட்டத்துக்கு வரமாட்டேன் என்று சொல்ல மறந்தது ஞாபகம் வந்தது.