உடைமையும் உறுத்தலும்

துன்பங்களுள் பிறரிடம் சொல்லி ஆறக்கூடியவை சில. சொன்னால் நகைப்பார்களே என்று விழுங்கிவிட வேண்டியவை சில. பசித்தவன் தன் பசியைச் சொன்னால் இரங்குவோர் உண்டு. பெருவிலை கொடுத்துப் பந்தயக் காரின் சாயலில் அமைந்த சொகுசுக் கார் ஒன்றை வாங்கியவர், "வேகத்தடையைக் கடக்கும்போதெல்லாம் வண்டியின் அடிப்பாகம் உராய்கிறதே!" என்று அங்கலாய்த்தால் யார் இரங்குவார்? 'இதுவும் ஒரு குறையா?' என்று முறுவலித்து நகர்ந்துவிடுவோம். ஆயினும், நாம் நகைத்து ஒதுக்கும் அந்தச் சிறு குறைகளுக்குள்ளே பெரியதொரு கேள்வி மறைந்திருக்கிறது. பொருள் நமக்குப் பணி செய்கிறதா, நாம் பொருளுக்குப் பணி செய்கிறோமா என்பதே அது.

அக்குறைகள் எவை என்று முதலில் காண்போம். வளைவுகளில் நிலை தடுமாறாமல் விரைய வேண்டும் என்பதற்காக இத்தகைய கார் தரையோடு தரையாகத் தாழ்த்திக் கட்டப்படுகிறது. ஆகவே, சரிவான வாசல் மேட்டில் ஏறும்போது அதன் முகப்பு தட்டுகிறது. சுக்கானைத் திருப்பிய கணமே சக்கரம் பணிய வேண்டும் என்பதற்காக டயரின் பக்கச் சுவர் குறுகலாக அமைக்கப்படுகிறது. ஆகவே, ஒரு சிறு பள்ளமும் ஓட்டுபவரின் முதுகெலும்புக்குச் செய்தி சொல்லிவிடுகிறது; நடைபாதையின் ஓரக்கல் சக்கர விளிம்பைக் கீறிவிடுகிறது. இரண்டே கதவுகள் என்பதால் அவை நீளமாக இருக்கின்றன. நெருக்கமான நிறுத்துமிடத்தில் அவற்றை முழுதும் திறக்க வழியில்லை. எடையும் இடமும் மிச்சம் பிடிக்க, மாற்றுச் சக்கரமே இன்றி, ஓட்டையை அடைக்கும் பசையும் காற்றடிக்கும் சிறு பொறியும் மட்டும் வைத்து அனுப்பப்படும் கார்கள் பல. சில வாரங்கள் ஓட்டாமல் விட்டாலோ மின்கலம் சோர்ந்துவிடும்.

இவற்றைக் கூர்ந்து நோக்கினால் ஓர் உண்மை விளங்கும். இவற்றுள் பெரும்பாலானவை சிறப்பின் மறுபக்கமே. உராய்வை நீக்க வண்டியை உயர்த்தினால், எந்த வேகத்துக்காக அதனை விரும்பி வாங்கினாரோ அதுவே குன்றிவிடும். சிறப்பை மட்டும் எடுத்துக்கொண்டு அதன் மறுபக்கத்தை வேண்டாம் என்று சொல்ல எவருக்கும் இயலாது.

இத்தாலியரான ஃபெருச்சோ லம்போர்கினியின் வாழ்க்கை இதற்குத் தக்க சான்று. 1916-ல் உழவர் குடும்பம் ஒன்றில் பிறந்த அவர், இரண்டாம் உலகப் போருக்குப் பின் டிராக்டர் செய்து விற்றுப் பெருஞ்செல்வர் ஆனார்; ஃபெராரி கார் வாங்கினார். அதன் கிளட்ச் கொடுத்த தொல்லையை என்சோ ஃபெராரியிடமே முறையிட்டார் என்றும், டிராக்டர்காரருக்குக் காரைப் பற்றி என்ன தெரியும் என்ற பொருள்பட விடை பெற்றார் என்றும் சொல்லப்படுவதுண்டு. 1963-ல் அவர் தாமே கார்த் தொழிற்சாலை ஒன்றைத் தொடங்கினார். குறைகள் இல்லாத காரைச் செய்து காட்டுவதே அவர் நோக்கம்.

செய்து காட்டினாரா? அவருடைய நிறுவனம் 1971-ல் காட்சிக்கு வைத்து, 1974-ல் விற்பனைக்குக் கொண்டுவந்த கவுன்டாச் என்னும் கார் உலகையே வியப்பில் ஆழ்த்தியது. அதன் உயரம் ஏறத்தாழ 107 சென்டிமீட்டர்தான். இருக்கைக்குப் பின்னே பன்னிரண்டு சிலிண்டர் எஞ்சின். பின்னோக்கிச் செலுத்த வேண்டுமானால் கண்ணுக்கு எதுவும் சரியாகத் தென்படாது. ஆகவே, மேல்நோக்கித் திறக்கும் கதவைத் தூக்கிவிட்டு, வாயில் விளிம்பில் அமர்ந்து, தலையை வெளியே நீட்டிப் பார்த்துக்கொண்டே வண்டியைப் பின்னுக்கு நகர்த்துவது அதன் சொந்தக்காரர்களிடையே வழக்கமாயிற்று. அதன் கிளட்சும் மிதிப்பதற்குக் கடினமானதே! ஓர் எரிச்சலைத் தீர்க்கப் பிறந்த தொழிற்சாலை வேறு பல எரிச்சல்களை ஈன்றெடுத்தது. லம்போர்கினியோ அந்த 1974-ஆம் ஆண்டுக்குள் தம் பங்குகளை விற்றுவிட்டு, திராசிமேனோ ஏரிப் பக்கம் நிலம் வாங்கி, மீண்டும் மண்ணை நாடிச் சென்றார். 1993-ல் மறையும்வரை அந்த ஊர்ப்புறமே அவருக்கு இல்லமாயிற்று.

கீறலும் உராய்வும் பணத்தால் தீர்ந்துவிடும். பணத்தால் தீராத இழப்பு ஒன்று உண்டு. அது பார்வையில் நேரும் மாற்றம். தெருவில் சைக்கிள் பழகும் அண்டை வீட்டுச் சிறுவன் நேற்றுவரை குழந்தையாகத் தெரிந்தான். கார் வந்த நாள் முதல் கீறலாகத் தெரிகிறான். முழங்கால் வலியுள்ள முதிய தாய் அந்தத் தாழ்ந்த இருக்கையில் அமரவும் முடியாமல், அமர்ந்தால் எழவும் முடியாமல் தவிக்கிறாள். இரண்டு முறை முயன்றபின், "நீ போய் வா மகனே, நான் வீட்டிலேயே இருக்கிறேன்" என்கிறாள். அவள் குறை சொல்லவில்லை. ஆனால் அந்தக் காரில் அவளுக்கு இடமில்லை என்பதை இருவருமே அறிந்துகொண்டனர். சக்கரத்தின் கீறலுக்காக நெஞ்சு பதைப்பவர், இந்தக் கீறலை உணர்ந்தாரா?

அப்படியானால் அழகிய பொருளை எவரும் விரும்பலாகாதா என்று கேட்கலாம். விரும்பலாம். தேர்ந்த கைவினைஞரின் உழைப்பை மதிப்பது நல்ல உள்ளத்தின் அடையாளம். அதற்குரிய சிறு தொல்லைகளை, மேடு வரும்போது நிதானித்துச் செல்வதுபோல், புன்னகையுடன் ஏற்பவருக்கு அப்பொருள் இன்பமே தரும். தொல்லை எத்தனை என்று எண்ணுவதைவிட, அப்பொருள் வந்தபின் நம் வட்டம் விரிந்ததா, சுருங்கியதா என்று கேட்பதே சரியான உரைகல்.

இந்த உரைகல் கார் இல்லாத நமக்கும் பொருந்தும். உடைந்துவிடுமோ என்று அஞ்சி விருந்தினருக்கும் எடுக்காத பீங்கான் தட்டுகள் நம் அலமாரியில் இல்லையா? குழந்தைகள் ஏறிவிடுவார்கள் என்று உறையிட்டு மூடிய நாற்காலிகள் நம் கூடத்தில் இல்லையா? தட்டு உடைந்தால் வேறொன்று வாங்கலாம். அதட்டப்பட்ட குழந்தையின் முகம் வாடியதை எந்தக் கடையில் கொடுத்து மாற்றுவது?