பெட்டியில் இருக்கும் பெயர்

ஜப்பானியக் குயவர் ஷோஜி ஹமாடா 1955இல் ‘வாழும் தேசியப் பொக்கிஷம்’ ஆனவர். மஷிகோவில் அவர் வனைந்த கிண்ணங்களில் கையொப்பம் கிடையாது, மரப்பெட்டியில்தான் எழுதுவார். பெட்டி தொலைந்தால் மறுவிற்பனையில் விலை இறங்கும். சான்று இல்லை, விலை குறைவு. பொறியாளனாக எனக்கு அதில் சிக்கலில்லை.

சிக்கல் இங்கேதான்: பெட்டியில்லாத கிண்ணம் யாருடையது என்று கண்டுகொண்டவன், தெரியாத ஒருவரிடம் அதைப் பத்து வெள்ளிக்கு வாங்கிப் பேசாமல் நகர்கிறான். ‘தெரிஞ்சுக்காதது அவங்க தப்பு’ என்பார்கள். பல வருஷம் பார்த்துப் பழகிய கண்ணுக்குக் கூலி உண்டுதான். ஆனா எவ்வளவு? தெரிந்ததை விற்பவரிடம் சொல்லிவிட்டுப் பேரம் பேசினாலும் கையில் நிற்கும் லாபம்தான் கூலி. சொன்னதும் காணாமப்போற மிச்சம் அவருடைய பணம்.

ஹமாடா போடாமல் விட்டது தன் பெயரை. அதற்கு அவருக்கு உரிமை உண்டு. நமக்கு?