விட்டுப் போகும் மண்ணுக்கு எரு எதற்கு?

ஒரு கேள்வி கேட்கிறேன். விடை சொல்ல அவசரப்பட வேண்டாம்.

அச்சுவேலியில் ஒருவர் நாலு பரப்புச் செம்மண் தோட்டத்தைக் குத்தகைக்குச் செய்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். வீட்டில் இரண்டு பசுக்கள் நிற்கின்றன. கொட்டிலுக்குப் பின்னால் உக்கிய எரு கும்பியாகக் கிடக்கிறது. அடுத்த ஆண்டு காணியைத் திருப்பிக் கேட்கப் போகிறார்கள் என்பது அவருக்குத் தெரியும். அந்த எருவை அவர் இந்தக் காணிக்குப் போட வேண்டுமா? அல்லது அதை விற்றுவிட்டு, கடைசிப் பயிரை யூரியாவோடு ஒப்பேற்றி விடலாமா?

சட்டம் அவரை ஒன்றும் கேட்காது. மாடு அவருடையது, எருவும் அவருடையது. இருந்தும் நம் மனம் ஏன் தயங்குகிறது?

அந்த எரு எப்படி வந்தது என்று முதலில் பார்ப்போம். தை, மாசியில் நெல் அறுவடை முடிந்ததும் வைக்கோலின் காலம் தொடங்குகிறது. நன்றாகக் காய்ந்த வைக்கோலைக் கல்லோ மரக்குற்றியோ அடுக்கிய மேடையில் ஏற்றி, மழை வழிந்தோடும்படி உச்சி கூட்டிப் போராக வைக்க வேண்டும். ஈரத்தோடு அடுக்கினால் உள்ளே சூடேறிப் பூஞ்சணம் பிடிக்கும். அதை மாட்டுக்குப் போடுவது மாட்டுக்குக் கேடு. இன்று இயந்திரம் அறுத்துப் போகும் வயலில் வைக்கோல் சிதறிக் கிடக்கிறது. கூட்டி அள்ளுவது வேலை என்று சிலர் நெருப்பு வைத்து விடுகிறார்கள். ஓராண்டுத் தீவனமும் அடுத்த ஆண்டு எருவும் ஒரு தீக்குச்சியோடு போய்விடுகின்றன.

மாடு தின்று கழித்த வைக்கோலைக் கொட்டிலிலே அதன் காலடியில் பரப்பி விடுவது நம் முன்னோர் கண்ட வழி. மாடு காய்ந்த இடத்தில் படுக்கும். மடிக்கு நோய் குறையும். அத்தோடு மாட்டுச் சலத்தை அந்த வைக்கோல் உறிஞ்சிக் கொள்ளும். மாடு வெளியேற்றும் நைதரசனில் ஏறக்குறையப் பாதி சலத்தில்தான் இருக்கிறது. சாணத்தை மட்டும் அள்ளி, சலத்தை நிலத்தில் ஓடவிட்டால் பாதி எருவை இழந்தோம். நனைந்த படுக்கையைச் சாணத்தோடும் குழையோடும் கும்பியாக்கி, பிழிந்த துணி போல ஈரம் காத்து, இடையிடையே புரட்டிவிட வேண்டும். கும்பியின் உட்புறம் 55, 60 பாகை வரை சூடேறி, களை விதைகள் பெரும்பாலும் மடியும். மூன்று நாலு மாதத்தில் சாண நாற்றம் போய் மண்வாசனை வரும்.

இத்தனை பாடுபட்டுச் சேர்த்த எரு, போட்ட ஆண்டிலேயே தன் வளம் முழுவதையும் கொடுப்பதில்லை. யூரியா இந்தப் பயிருக்கு உணவாகி முடிந்துவிடும். எருவோ ஒரு பங்கை இந்த ஆண்டும், மீதியை அடுத்தடுத்த ஆண்டுகளிலும் கொடுக்கும். ஆகவே எருப் போடுகிற எவனும் தனக்கு மட்டும் போடுவதில்லை. பின்னால் வருகிறவனுக்கும் சேர்த்தே போடுகிறான். நம் குத்தகைக்காரரை உறுத்துவதும் இதுதான்.

“ஏழை உழைத்துக் காணிக்காரனை ஏன் வாழ வைக்க வேண்டும்?” என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆண்டுக்கு ஆண்டு ஆள் மாற்றிக் காணி கொடுப்பவரே குத்தகைக்காரரை மண்ணைச் சுரண்டத் தூண்டுகிறார். நாலைந்து ஆண்டுக்குக் காணியை உறுதி செய்து கொடுப்பதும், இடையில் எடுக்க நேர்ந்தால் போட்ட எருவுக்குப் பெறுமதி கொடுப்பதும் காணிக்காரரின் கடமை. குத்தகைக்காரரின் கடமையோ, மண்ணை ஏற்றபோது இருந்த வளத்தோடாவது திருப்பிக் கொடுப்பது. அதற்கு மேல் மிஞ்சிய எருவை அவர் விற்கலாம், குற்றமில்லை.

காணிக்காரர், குத்தகைக்காரர் இருவரோடும் கணக்குத் தீர்ந்துவிடாது. அயலவரும் இருக்கிறார். நம் செம்மண்ணுக்குக் கீழே இருப்பது சுண்ணாம்புக்கல். நவக்கிரியில் நிலாவரைக் கிணற்றைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், மேலே நன்னீரும் ஆழத்தில் உப்புநீருமாக நம் நிலத்தடி நீர் எவ்வளவு மெல்லிய ஏற்பாடு என்று. மேலே அளவுக்கு மிஞ்சிக் கொட்டுவது கல்வெடிப்புகளால் கிணற்றுக்கு இறங்கும். குடிநீரில் நைத்திரேற்று லீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேல் இருக்கலாகாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பு. வலிகாமத்துத் தோட்டக் கிணறுகள் பலவற்றில் அது மீறப்பட்டிருப்பதை ஆய்வுகள் காட்டியுள்ளன. கைக்குழந்தைகளுக்கு இது ஆபத்து. பசளை மட்டுமல்ல, கிணற்றடியில் மழையில் நனையவிட்ட எருக்கும்பியும் அதே தீங்கைச் செய்யும். கும்பி கிணற்றுக்கு எட்டத்தில், மேடான இடத்தில், கூரைக்குக் கீழே இருக்கட்டும்.

2021 மே மாதத்தில் இரசாயனப் பசளை இறக்குமதி திடீரெனத் தடைசெய்யப்பட்டது. நவம்பரில் அத்தடை தளர்த்தப்பட்டது. இடைப்பட்ட மாதங்களில் நாடெங்கும் எருவுக்கு அலைந்தார்கள். பணம் இருந்தும் எரு இல்லை. கட்டளையிட்ட மாத்திரத்தில் மாடு சாணம் போடாது, கும்பியும் உக்காது.

1995 ஒக்டோபரை நம்மில் யார் மறப்பார்? மாட்டின் கயிற்றை அவிழ்த்துவிட்டு, வைக்கோற் போரைத் திரும்பிப் பார்த்தபடி வெளியேறினோம். சொந்தக் காணி வைத்திருந்தவரும் அன்று குத்தகைக்காரரைப் போலவே வெளியேறினார். திரும்பி வந்து பற்றை வெட்டியபோது அந்த மண் மறுபடியும் விளைந்தது. ஏன்? நாம் முகம் அறியாத பாட்டன்மார் கடகம் கடகமாக எருவும், மாரி மாரியாகக் குழையும் பனையோலையும் தாழ்த்தியிருந்தார்கள். அவர்கள் எவரும் நமக்காகச் செய்கிறோம் என்று சொல்லிக்கொண்டு செய்யவில்லை.

லூக்கா நற்செய்தியில் காய்க்காத அத்திமரத்தின் உவமையை அறிவீர்கள். வெட்டிவிடச் சொன்ன உரிமையாளரிடம், கொத்தி எருப்போட இன்னும் ஓராண்டு தவணை கேட்டவர் தோட்டத் தொழிலாளி. மரமும் நிலமும் அவருடையவை அல்ல. பழம் அவர் வீட்டுக்குப் போகும் என்றும் சொல்லப்படவில்லை. அந்த மரம் பிறகு காய்த்ததா என்பதும் அதில் இல்லை.

வாசகரே, கேள்வி இப்போது உங்களிடம். வரும் மாசியில் வயலில் வைக்கோலைக் காணும்போது, தீப்பெட்டியைத் தேடுவீர்களா, கடகத்தைத் தேடுவீர்களா?