இயந்திரம் கறந்த பால்

பால் உண்பது அகிம்சைக்கு ஒத்ததா என்னும் வினா நம் இல்லங்களில் இப்போது அடிக்கடி எழுகின்றது. வெளிநாடுகளில் குடியேறிய நம் பிள்ளைகளுள் சிலர் பால், தயிர், நெய் மூன்றையும் அறவே விட்டுவிட்டனர். மூத்தோரோ, கன்றுக்கு ஊட்டியது போக எஞ்சியதை ஏற்பதில் குற்றமில்லை என்பர். இவ்விரு சாராருக்கும் இடையே மூன்றாவது வாதம் ஒன்று அண்மைக் காலமாகக் காதில் விழுகின்றது. "இப்போது இயந்திரம்தான் கறக்கிறது; மாட்டுக்கு நோவில்லை; கழுத்தில் கருவி கட்டி அதன் நலத்தையும் பார்த்துக்கொள்கிறார்கள்; பின் இம்சை எங்கே?" என்பதே அது. இம்மூன்றாம் வாதத்தையே நாம் இங்கு எடுத்துக்கொள்கின்றோம். நோவைக் கருவி குறைத்தால், உடையவரின் பொறுப்பும் உண்பவரின் பொறுப்பும் உடன் குறையுமா?

கறவை இயந்திரத்தின் வரலாறு அறியத்தக்கது. 1879ஆம் ஆண்டில் அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலத்து அன்னா பால்ட்வின் என்னும் பெண்மணி கறவைக் கருவி ஒன்றுக்குக் காப்புரிமை பெற்றார். கைப்பம்பினால் காம்புகளை உறிஞ்சும் அமைப்பு அது. 1889இல் ஸ்காட்லாந்தின் கில்மார்நாக் நகரத்து வில்லியம் மர்ச்லண்டு என்பவர் வெற்றிட விசையால் கறக்கும் இயந்திரம் செய்தார். அக்காலக் கருவிகளின் குறை, அவை ஓயாது உறிஞ்சியமையே. ஓயாத உறிஞ்சலால் காம்பில் குருதி தேங்கும். காம்பு வீங்கிப் புண்படும். கன்று அவ்வாறா குடிக்கின்றது? ஒரு மடக்கு உறிஞ்சும், விழுங்கும், மீண்டும் உறிஞ்சும். அந்த இடைவெளியில் காம்பு இளைப்பாறும். இதனைக் கண்டு, விட்டுவிட்டு இயங்கும் துடிப்பு முறையை 1890களில் கிளாஸ்கோ நகரத்து டாக்டர் அலெக்சாண்டர் ஷீல்ஸ் கொண்டுவந்தார். இன்றைய இயந்திரத்திலும் காம்புக் குவளையின் உள்ளே உள்ள இரப்பர் உறை நிமிடத்துக்கு ஏறத்தாழ 60 முறை விரிந்து சுருங்குகின்றது. மனிதன் கண்ட இயந்திரத்துக்குக் கன்றுதான் ஆசான் எனலாம். (ஆசானுக்குக் கிடைத்த தட்சிணை என்ன என்பதைப் பின்னர்ப் பார்ப்போம்.)

அடுத்த பெரும் மாற்றம் 1992இல் நெதர்லாந்து நாட்டில் நிகழ்ந்தது. கறப்போர் எவருமின்றித் தானே கறக்கும் இயந்திரம் அவ்வாண்டில் அங்குள்ள பண்ணைகளில் வணிக முறையில் நிறுவப்பட்டது. பசு தான் விரும்பும் நேரத்தில் கூண்டு போன்ற அமைப்பினுள் நுழைகின்றது. உள்ளே அடர்தீவனம் காத்திருக்கும். அந்த ஆசையே அதனை அழைப்பது. கழுத்துப் பட்டையில் உள்ள அடையாளக் கருவியைக் கொண்டு இன்ன பசு என்பதைக் கணினி அறிகின்றது. கறந்து சிறிது நேரமே ஆகியிருப்பின் கறவாமல் அனுப்பிவிடுகின்றது. இல்லையேல் இயந்திரக் கை ஒன்று மடியின் கீழ் வந்து, காம்புகளைத் துடைத்து, ஒளிக்கதிரின் துணையால் இருப்பிடம் கண்டு குவளைகளைப் பொருத்துகின்றது. மடியின் நான்கு அறைகளும் ஒரே நேரத்தில் வற்றுவதில்லை. பழைய இயந்திரத்தில் நான்கு குவளைகளையும் ஒன்றாகவே கழற்றுவர்; ஆதலால் முன்னர் வற்றிய காம்பு வீணே இழுபடும். புதிய இயந்திரம் வற்றிய காம்பைத் தனியே விடுவித்துவிடுகின்றது. பாலில் மின்சாரம் பாயும் அளவு மாறுவதைக் கொண்டு, மடிவீக்க நோயையும் கண்ணுக்குப் புலப்படுமுன் அது ஐயுற்று அறிவிக்கின்றது.

இவற்றை இகழ்வது நேர்மையாகாது. கைக்கறவை எல்லாம் கருணைக் கறவை என்று நாம் கனவு காணல் வேண்டா. கட்டைவிரலை மடக்கிக் காம்பை நசுக்கிக் கறந்து புண்ணாக்கிய கைகள் பல. 'பூக்கா' என்று வடபுலத்தில் வழங்கிய கொடிய முறையை விரித்தெழுதவும் கை கூசும். 1960ஆம் ஆண்டு விலங்குகள் வதைத் தடுப்புச் சட்டத்தின் 12ஆம் பிரிவு அதனைப் பெயர் சுட்டியே தடுத்துள்ளது. பசுக்களும் எருமைகளும் படும் வதையைப் பற்றிக் கல்கத்தாவிலிருந்து வந்த வெளியீடுகளைப் படித்த காந்தியடிகள், 1912இல் தென்னாப்பிரிக்காவின் தால்சுதாய் பண்ணையில் பாலையே துறந்தார். பால் பற்றிய ஐயத்தை அவர் உள்ளத்தில் முதலில் விதைத்தவர் நம் சமயத்துப் பெரியாரான ராய்சந்த்பாய் என்பதை அவர்தம் சுயசரிதையால் அறிகின்றோம். அக்கொடுமைகளோடு ஒப்பிட நெதர்லாந்து இயந்திரம் எவ்வளவோ மேலானது.

இனிக் கண்காணிப்புக் கருவிகளைப் பார்ப்போம். நலமுள்ள பசு நாளொன்றுக்கு 7 அல்லது 8 மணி நேரம் அசைபோடும். அந்நேரம் குறைந்தால் கழுத்துப் பட்டை உடனே தெரிவிக்கும். நடை கூடினால் பருவத்துக்கு வந்துவிட்டது என்று சொல்லும். உடல்வெப்பத்தை அறிய இரைப்பையினுள் தங்கும் கருவியும் உண்டு. நம் ஆகமங்கள் அயர்ச்சியை, அதாவது பிரமாதத்தை, இம்சையின் வேர் என்கின்றன. அவ்வாறாயின் இரவும் பகலும் அயராத இக்கருவி அகிம்சையின் துணையன்றோ எனக் கேட்கத் தோன்றும். துணைதான். ஆயினும் அயராமை வேறு, அக்கறை வேறு. கருவி உற்று நோக்குவது பசுவையா, பசுவிலிருந்து வரும் பாலையா?

ஆசிரியப் பயிற்சிப் பணியில் நெடுங்காலம் இருந்த நமக்கு மதிப்பெண் பதிவேடு நினைவுக்கு வருகின்றது. பின்தங்கிய பிள்ளை யார் என்பதை அப்பதிவேடு காட்டும். ஓர் ஆசிரியை அதனைக் கண்டு அப்பிள்ளையை மாலையில் அமர்த்திப் பாடம் சொல்லித் தருவார். வேறொரு பள்ளியில் அதே பதிவேட்டைக் கொண்டு, பொதுத்தேர்வில் தேர்ச்சி விழுக்காடு குறையாதிருக்க, அப்பிள்ளையை ஒன்பதாம் வகுப்பிலேயே நிறுத்திவிடுவர். இரண்டையும் நாம் கண்டிருக்கின்றோம். பதிவேட்டில் பிழை யாதுமில்லை. கறவைப் பண்ணையின் கணினியும் அத்தகையதே. நோயுற்ற பசுவுக்கு மருத்துவரை அழைக்கும் அதே எண்ணே, பால் குறைந்த பசுவைக் கழித்துவிடும்படியும் சொல்கின்றது. பசு 20 ஆண்டு வரையும் வாழக்கூடிய உயிர். மேலைநாட்டுப் பெரும்பண்ணைகளிலோ மூன்று நான்கு ஈற்றுக்குள், பெரும்பாலும் ஐந்தாறு வயதிலேயே, அது இறைச்சிக் கூடத்துக்குச் செல்கின்றது. இளமையில் அதன் காம்புக்கு நோவின்றிப் பார்த்துக்கொண்டமை அந்நாளில் அதற்கு என்ன ஆறுதல்?

கன்றுக்கு வருவோம். நம் நாட்டு மாடும் எருமையும் கன்று முட்டினாலன்றிப் பாலை எளிதில் இறக்கா. ஆதலால் கறவைக்காகவேனும் கன்றைக் காப்பாற்ற வேண்டியிருந்தது. இறந்துபட்டால் தோலில் வைக்கோல் திணித்து முன்னே நிறுத்தினர். அது அன்பன்று, ஏமாற்றே. எனினும் கன்று கணக்கில் இருந்தது. கலப்பினப் பசுவும் இயந்திரமும் சேர்ந்த பண்ணைக்குக் கன்றின் துணை வேண்டுவதில்லை. ஈன்ற ஓரிரு நாளுக்குள் பெரும்பாலும் அதனைப் பிரித்துவிடுகின்றனர். கிடேரியாயின் வளர்ப்பர், காளைக் கன்றாயின் அதன் நிலை நாம் சொல்லித் தெரிய வேண்டுவதில்லை. காளையை இலாஞ்சனமாகக் கொண்ட ஆதிநாதரை வணங்கும் நமக்கு இது வெறும் பொருளாதாரச் செய்தியாகாது. தத்துவார்த்த சூத்திரத்தின் ஏழாம் அத்தியாயம் அகிம்சை அணுவிரதத்தின் ஐந்து அதிசாரங்களைக் கூறுகின்றது. கட்டுதல், அடித்தல், உறுப்பைச் சிதைத்தல், மிகைப் பாரம் ஏற்றுதல், உணவும் நீரும் மறுத்தல் என்பன அவை. முதல் நான்கையும் இயந்திரப் பண்ணை பெருமளவு குறைத்திருப்பதாகவே கொள்வோம். தாயின் மடியில் பால் இருக்க அதனைக் கன்றுக்கு மறுப்பது ஐந்தாவதில் அடங்காதா? இதைக் காட்டும் எண் எந்தக் கழுத்துப் பட்டையிலும் இல்லை.

இஃது எங்கோ உள்ள நாட்டின் கதை என்று ஒதுக்கவும் இயலாது. நம் நாட்டிலும் மாடுகளின் காதில் 12 இலக்க எண் பொறித்த வில்லை அணிவிக்கப்படுகின்றது. தடுப்பூசி, சினை, பால் அளவு ஆகியன அந்த எண்ணின்கீழ்ப் பதிவாகின்றன. கறவை இயந்திரங்களும் பெருகி வருகின்றன. ஏறத்தாழ பத்தில் ஒன்பது கிடேரியாகவே பிறக்கச் செய்யும் பாலினம் பிரித்த கருவூட்டலும் வந்துள்ளது. வேண்டாத காளைக் கன்றுகள் பிறந்து அல்லலுறுவதை அது குறைக்குமாயின் நன்றே என்பது நம் கருத்து. இதில் மாறுபடுவோர் நம்மிடையே உண்டு.

வினை செய்தல், செய்வித்தல், உடன்படுதல் என மூவகையாலும் வந்து சேரும் என்பது நம் சமயக் கொள்கை. இயந்திரத்துக்கு உயிரில்லை, அதற்கு வினையும் ஒட்டாது. கறக்கும் கை மறைந்துவிட்டமையால், அக்கையின் பங்கு பண்ணை உடையவருக்கும் விலை கொடுத்து வாங்கும் நமக்கும் இடையேதான் பகிரப்பட்டாக வேண்டும். பாலை விட்டுவிட்ட பிள்ளைகளை வீண்பிடிவாதம் என்று நாம் கடிவதில்லை. அவர்கள் தங்கள் பங்கைக் கழித்துக்கொண்டார்கள். விட முடியாத நம் போன்றோர் கணக்குப் போட்டாவது பார்க்கலாம். பால் தரும் ஆண்டுகள் ஐந்தோ ஆறோ என்று வைத்துக்கொண்டால், வற்றிய பின் அப்பசு உயிரோடிருக்கக்கூடிய ஆண்டுகள் பத்துக்கும் மேல். அவ்வாண்டுகளின் தீவனச் செலவையும் அதன் காளைக் கன்றுகளின் செலவையும் சேர்த்தால் ஒரு லிட்டர் பால் இன்றைய விலைக்கு ஒருபோதும் கிடைக்காது. அக்கூடுதல் விலையைக் கோசாலைக்கோ, மாடு வைத்திருக்கும் உழவருக்கோ கொடுத்து, வாங்கும் பாலின் அளவைப் பாதியாகக் குறைத்துக்கொள்ள எத்தனை குடும்பங்கள் ஆயத்தம்? மாதக் கடைசியில் பால் கணக்குத் தீர்க்கும் நாளில் இதை வீட்டாரோடு பேசிப் பார்த்து, வந்த முடிவை இவ்விதழுக்கு எழுதுமாறு சகோதரிகளை வேண்டுகின்றோம்.