பெயர் யாருக்காக?

மேல்விஷாரத்துத் தோல் வியாபாரத்தில் பதனிடாத தோலுக்குப் ‘பச்சைத்தோல்’ என்று பெயர். பச்சை நிறத்தைத் தேடும் அயலூரானைப் பார்த்துச் சிரிப்பது எளிது. ஆனால் பெயர், தெரிந்தவனுக்கு மட்டுந்தானா?

கணிப்பொறியை இயக்கும் லினக்ஸின் கருநிரலில் ‘ராடிக்ஸ் மரம்’ என்றோர் அமைப்பு இருந்தது. எண்ணைச் சொன்னால் அங்கே வைத்ததை எடுத்துத் தரும். ‘மரம்’ என்ற சொல் கட்டியவனின் வேலையைச் சொல்லிற்று. பயன்படுத்துகிறவனுக்கு வழி சொல்லவில்லை. மாத்யூ வில்காக்ஸ் அதை எண்ணிட்ட வரிசையாக்கிக் காட்டி, ‘எக்ஸ்அரே’ என்று பெயரிட்டார். ‘அரே’ என்றால் வரிசை. 2018 டிசம்பரில் வெளிவந்த 4.20 பதிப்பில் அது சேர்ந்தது. உள்ளே இன்றும் மரந்தான்.

பெயர் மாறினால் பழகிய கைகள் சில நாள் தடுமாறத்தான் செய்யும். அந்தத் தடுமாற்றத்தைத் தெரிந்தவன் ஏற்பதே நியாயம் என்பேன் நான். அறியாதவன் தலையில் அதைச் சுமத்துவது அறிவல்ல, கர்வம்.