பிள்ளைத்தாய்ச்சியிடம் கணக்குக் கேட்கலாமா?

வீட்டில் ஒரு பெண் முழுகாமல் இருக்கிறாள் என்று தெரிந்ததும் நாம் முதலில் என்ன செய்கிறோம், சகோதரி? மஞ்சள் துணியில் ஒரு ரூபாய் முடிந்து, குலதெய்வத்தை வேண்டிக்கொண்டு பூஜையறையில் வைக்கிறோம். அடுத்ததாக, அவளுக்குப் புத்தி சொல்ல ஆரம்பித்துவிடுகிறோம்!

‘பப்பாளிப் பக்கமே போகாதே... மல்லாந்து படுக்காதே... அழுதால் குழந்தை அழுமூஞ்சியாகப் பிறக்கும்... கோபப்பட்டால் முரடாகப் பிறக்கும்... டி.வி-யில் அந்த சீரியலைப் பார்க்காதே!’ மாமியார் ஒன்று சொல்வார். அம்மா அதற்கு நேர்மாறாக இன்னொன்று சொல்வார். எதிர் வீட்டு அக்கா, தன் தலைப்பிரசவத்தில் இரண்டு நாள் வலியில் துடித்த கதையை ஒரு வரிகூட விடாமல் சொல்லிவிட்டு, ‘நீ ஒண்ணும் பயப்படாதே’ என்று முடிப்பார்!

எல்லாம் அன்பினால்தான். அதில் சந்தேகமே வேண்டாம். ஆனால், இந்த அன்புக்குள்ளேயே ஒரு கேள்வியும் ஒளிந்திருக்கிறது. எல்லாம் நல்லபடியாக முடிந்தால், ‘கடவுள் புண்ணியம்’ என்கிறோம். ஏதாவது தவறிப்போனால் மட்டும், ‘அன்னிக்கே சொன்னேன், கேட்டாளா?’ என்கிறோம். நன்மை நடந்தால் தெய்வத்தின் கணக்கு, தீமை நடந்தால் தாயின் கணக்கு என்பது எந்த ஊர் நியாயம்? நம் புராணங்களும் தலங்களும் அப்படித்தான் சொல்கின்றனவா? கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

கயாது மறந்தாள்... பிரகலாதன் மறக்கவில்லை!

கர்ப்பிணி நல்லதையே கேட்க வேண்டும், நல்லதையே நினைக்க வேண்டும் என்று சொல்லும்போதெல்லாம் நாம் எடுத்துக்காட்டுவது பிரகலாதன் கதையைத்தான். அந்தக் கதையை ஸ்ரீமத் பாகவதத்தின் ஏழாவது ஸ்கந்தம் எப்படிச் சொல்கிறது தெரியுமா?

இரணியகசிபு தவம் செய்யப் போய்விட்டான். அந்தச் சமயம் பார்த்து தேவர்கள் படையெடுத்தார்கள். கர்ப்பிணியான கயாதுவை இந்திரன் இழுத்துக்கொண்டு போகிறான். அவள் கதறுகிறாள். வழியில் நாரதர் தடுக்கிறார். ‘குற்றமற்ற இவளை விட்டுவிடு’ என்கிறார். தன் ஆசிரமத்துக்கு அழைத்து வந்து, கணவன் திரும்பும்வரை அடைக்கலம் தருகிறார். பகவானின் பெருமையையும் தர்மத்தையும் எடுத்துச் சொல்கிறார்.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். பயந்து, நடுங்கி, அழுதுகொண்டே வந்தவள் கயாது. ‘நீ அழுதால் குழந்தைக்கு ஆகாது’ என்று நாரதர் அவளை அதட்டவில்லை. முதலில் அடைக்கலம் தந்தார். உபதேசமெல்லாம் அதற்கு அப்புறம்தான்!

இன்னும் ஒரு ரகசியம் இருக்கிறது. பின்னாளில் அசுரச் சிறுவர்களுக்கு இந்தக் கதையைச் சொல்லும் பிரகலாதன், காலம் கடந்துவிட்டதால் தன் அன்னை அந்த உபதேசத்தை மறந்துவிட்டதாகச் சொல்கிறான். முனிவரின் அருளால் தனக்கு மட்டும் அது மறக்கவில்லையாம். தாய் மறந்தும் பிள்ளைக்குப் பலித்தது! அப்படியென்றால் பிரகலாதனின் பக்திக்குக் காரணம், கயாது ஒரு வார்த்தை விடாமல் மனப்பாடம் செய்ததா? இல்லையே! அவளைச் சுற்றி ஒரு நல்ல சூழலை உண்டாக்கினாரே, அந்த நாரதரின் கருணை அல்லவா!

சுபத்திரை தூங்கியது குற்றமா?

அடுத்து அபிமன்யு. சக்கர வியூகத்தை உடைக்கும் விதத்தை அர்ஜுனன் சொல்லும்போது சுபத்திரை தூங்கிவிட்டாள், அதனால்தான் அபிமன்யுவுக்கு வெளியே வரும் வழி தெரியவில்லை, போர்க்களத்தில் மாண்டான் என்று கேட்டு வளர்ந்தவர்கள் நாம். சிலர் கிருஷ்ணர் சொன்னதாகவும் சொல்வார்கள். இது செவிவழியாக நம்மிடம் பிரபலமான கதை. வியாச பாரதத்தின் துரோண பர்வத்தில் அபிமன்யு தர்மபுத்திரரிடம் சொல்வது வேறு. உள்ளே புகத் தந்தை தனக்குக் கற்றுக் கொடுத்திருக்கிறார், ஆபத்து வந்தால் வெளியேறத் தெரியாது என்கிறான். ‘என் தாய் தூங்கிவிட்டாள்’ என்று அந்தப் பிள்ளை சொல்லவே இல்லை!

சற்று யோசித்துப் பாருங்கள். பின்னால் வந்த பாண்டவர்களை உள்ளே விடாமல் தடுத்தவன் ஜயத்ரதன். தனியாக நின்ற பாலகனைச் சூழ்ந்துகொண்டவர்கள் ஆறு மகாரதர்கள். அத்தனை பேரையும் விட்டுவிட்டு, அசதியில் கண்ணயர்ந்த கர்ப்பிணியின் தலையில் பழியைத் தூக்கி வைக்கிறோம் என்றால், கோளாறு சுபத்திரையின் தூக்கத்திலா இருக்கிறது, நாம் கதை சொல்லும் விதத்திலா?

கருகாவூர் அம்பாள் கேட்காத கேள்வி

கும்பகோணம், தஞ்சாவூர் பக்கம் போகிறவர்கள், பாபநாசத்துக்கு அருகே வெட்டாற்றின் கரையில் இருக்கும் திருக்கருகாவூருக்குப் போகாமல் வர மாட்டார்கள். ஞானசம்பந்தரும் அப்பரும் பாடிய தலம். சுவாமி, முல்லைவனநாதர். புற்று மண்ணால் ஆன சுயம்பு லிங்கம் என்பதால் இவருக்கு நீரால் அபிஷேகம் இல்லை. புனுகு சாத்துவதுதான் வழக்கம். அம்பாள் கர்ப்பரட்சாம்பிகை. கருவைக் காக்கிறவள் என்று பெயரிலேயே இருக்கிறது!

இந்தத் தலத்தின் புராணம் நம்மில் பலருக்கும் தெரியும். நித்துருவ முனிவரின் மனைவி வேதிகை கருவுற்றிருந்தாள். கணவர் வெளியே சென்றிருந்த ஒருநாள், ஊர்த்துவபாதர் என்ற முனிவர் பிட்சை கேட்டு வாசலில் வந்து நின்றார. கர்ப்பத்தின் அசதி... வேதிகையால் உடனே எழுந்து வந்து உபசரிக்க முடியவில்லை. நிலைமை தெரியாத முனிவர் கோபத்தில் சபித்துவிட்டார். அவள் கரு கலைந்தது.

துடித்துப்போன வேதிகை அம்பாளைச் சரணடைந்தாள். அம்பாள் என்ன கேட்டாள்? ‘வாசலுக்கு வந்த அதிதியை ஏன் கவனிக்கவில்லை?’ என்றா? ‘நீ கொஞ்சம் ஜாக்கிரதையாக இருந்திருக்கலாமே’ என்றா? எதுவுமே கேட்கவில்லை! கலைந்த கருவை ஒரு குடத்தில் ஏந்தி, காத்து, உரிய காலத்தில் நைதுருவன் என்ற பிள்ளையாக அவள் கையில் கொடுத்தாள். தாய்க்குப் பால் சுரக்கவில்லை என்றதும் காமதேனுவே வந்து பால் சுரந்ததாம். அந்தப் பால் தேங்கியதுதான் கோயில் எதிரில் இருக்கும் க்ஷீரகுண்டம்.

அந்தச் சந்நிதியில் ஒருமுறை எனக்குப் பக்கத்தில் நின்ற ஒரு பெண், வெகுநேரம் கண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார். பேச்சுக் கொடுத்தபோது மெதுவாகக் கேட்டார்: ‘அன்னிக்கு நான் குடத்தைத் தூக்கியிருக்கக் கூடாது... இல்லீங்க?’ மூன்றாம் மாதத்தில் கரு கலைந்து ஆறு வருடங்களாகியும், அந்தக் குடத்தை அவர் இன்னும் கீழே இறக்கி வைக்கவில்லை. யாரோ ஒருவர் போகிற போக்கில் சொல்லிவிட்டுப் போன வார்த்தை அது. சொன்னவருக்கு இன்று ஞாபகம்கூட இருக்காது!

அந்தச் சகோதரிக்கும் அவரைப் போன்றவர்களுக்கும் மருத்துவம் சொல்லும் ஆறுதல் ஒன்று உண்டு. உறுதியான கர்ப்பங்களிலேயே 100-க்கு 10 முதல் 20 வரை தானாகக் கலைந்துவிடுகின்றன. முதல் மூன்று மாதங்களில் நேரும் கருச்சிதைவுகளில் ஏறக்குறைய பாதிக்குக் காரணம், கரு உருவாகும்போதே நேர்ந்துவிடும் குரோமோசோம் குறைபாடு. அதைத் தாயின் நினைப்போ, அழுகையோ, அன்றாட வீட்டுவேலையோ உண்டாக்குவதில்லை. கிரகணத்தன்று காய் நறுக்கியதால் குழந்தைக்கு உதடு பிளந்துவிட்டது என்பதும் இப்படி ஒரு வீண் பழிதான். அன்று வீட்டுக்குள் இருந்து ஜபம் செய்வது நம் வழக்கம், செய்வோம். ஆனால், அதை வைத்து ஒரு தாயைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற வேண்டாமே! ஆணா பெண்ணா என்பதைத் தீர்மானிப்பதும் தந்தையின் வழியே வரும் குரோமோசோம்தான். அதற்கும் மருமகளைத்தானே ஏசிக்கொண்டிருந்தோம்?

எண்ணெய் ததும்பும் பாத்திரம்

ஆயுர்வேதத்தின் மூல நூல்களில் ஒன்றான சரக சம்ஹிதை, கர்ப்பிணியைப் பேணும் விதத்துக்கு அழகான ஓர் உவமை சொல்கிறது. விளிம்புவரை எண்ணெய் நிரம்பிய பாத்திரத்தைத் துளிகூடச் சிந்தாமல், அலுங்காமல் எடுத்துப் போவது போல அவளைப் பேண வேண்டுமாம். பாத்திரம் ததும்பினால் யாரைச் சொல்வோம்? பாத்திரத்தையா, அதை ஏந்தி வருபவரையா?

நம் சடங்குகளும் இதையேதான் சொல்கின்றன. சீமந்தத்தில் அந்தப் பெண் செய்ய வேண்டியது என்ன? மனையில் உட்கார்ந்திருப்பது மட்டும்தான்! முள்ளம்பன்றி முள்ளால் அவள் வகிட்டை வகிர்ந்து விடுவது கணவர். அந்த வேளையில் வீணை வாசித்துப் பாடச் சொல்கின்றன கிருஹ்ய சூத்திரங்கள். வளைகாப்பிலும் அப்படியே! சந்தனம் பூசுவது, வேப்பிலைக் காப்பு போடுவது, கண்ணாடி வளையல் அடுக்குவது, சர்க்கரைப் பொங்கலும் புளியோதரையும் தேங்காய் சாதமும் கிளறி எடுத்து வருவது எல்லாமே சுற்றத்தார் வேலை. ‘நாங்கள் இத்தனை பேர் இருக்கிறோம்’ என்று கைநிறையக் கலகலக்கும் சத்தமல்லவா அந்த வளையல் சத்தம்!

சுற்றத்தாரால் வர முடியாதபோது இறைவனே வந்த ஊரும் நம்மிடம் உண்டு. திருச்சி மலைக்கோட்டையில், பிரசவத்துக்கு நாள் நெருங்கிவிட்ட ரத்னாவதியின் தாயார், காவிரி வெள்ளத்தால் அக்கரையிலேயே தங்கிவிட்டார். வலி கண்டதும் ஈசனே தாயார் வடிவில் வந்து பிரசவம் பார்த்தார். தாயுமானவர் ஆனார். அவர் அங்கே உபதேசம் எதுவும் செய்ததாகத் தலபுராணம் சொல்லவில்லை. பக்கத்தில் இருந்தார், கையைப் பிடித்துக்கொண்டார், வேண்டிய வேலைகளைச் செய்தார். அவ்வளவுதான்!

அப்படியானால், தாய்க்குப் பொறுப்பே இல்லையா?

நிச்சயமாக இருக்கிறது. மாதாமாதம் பரிசோதனைக்குப் போவது, இரும்புச்சத்து மாத்திரையைத் தவறாமல் போடுவது, பசித்தபோது சாப்பிடுவது, நன்றாகத் தூங்குவது எல்லாம் அவள் கடமை. மனசுக்கு இதமாக ஸ்லோகமோ பாட்டோ கேட்பதும் நல்லதுதான். ஆறாம் மாதத்தை ஒட்டி வயிற்றுக் குழந்தைக்குச் சத்தம் கேட்கத் தொடங்கும், அதற்கு மிகப் பழக்கமான குரல் அம்மாவுடையது என்று மருத்துவர்களும் சொல்கிறார்களே!

ஆனால், கடமை வேறு, பழி வேறு. ‘இதைச் செய், உனக்கு நல்லது’ என்பது கடமையை நினைவூட்டுவது. ‘நீ செய்யாததால்தான் இப்படி ஆயிற்று’ என்பது, அவள் கையில் இல்லாத ஒன்றுக்கும் அவளிடமே கணக்குக் கேட்பது. மாத்திரை போடுவது அவள் கையில் இருக்கிறது. உயிர் தங்குவது முழுக்க அவள் கையில் இல்லை. அது தெய்வத்தின் கையில் என்று நாள்தோறும் விளக்கேற்றிச் சொல்கிற நாமே அதை மறக்கலாமா?

அனுபவம் சொல்வதற்கும் ஒரு முறை உண்டு

அதற்காக, பெற்று வளர்த்தவர்கள் வாய் திறக்கவே கூடாது என்று சொல்லவில்லை. அனுபவம் என்பது பெரிய சொத்து. மசக்கைக்கு எலுமிச்சை சாதம் ஒத்துக்கொண்டதையும், நிறைமாதத்தில் தூக்கம் வராமல் தலையணையை இடுப்புக்குக் கீழே வைத்துப் படுத்ததையும், முதல் துள்ளலில் சிரித்ததையும் சொல்லுங்கள். நீங்கள் பயந்ததையும் சொல்லுங்கள். அந்தப் பயம் எப்படித் தீர்ந்தது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். எதையும் அவள் கேட்டால் சொல்லுங்கள். கேட்காவிட்டால், ‘உடம்பு எப்படிம்மா இருக்கு?’ என்று கேட்டுவிட்டு அவள் சொல்வதை நீங்கள் கேளுங்கள்.

ஒரு விஷயத்தில் மட்டும் நம் அனுபவத்தை நம்பிக் காத்திருக்க வேண்டாம். ரத்தக் கசிவு, விடாத தலைவலி, கண் மங்கல், முகத்திலும் கையிலும் திடீர் வீக்கம், குழந்தையின் அசைவு குறைவது... இவற்றில் எது தெரிந்தாலும், ‘எனக்கும் அப்படித்தான் இருந்தது, சரியாயிடும்’ என்று சொல்லிவிடாதீர்கள். உடனே ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போங்கள். வண்டி இல்லையென்றால் 108 இருக்கிறது. அந்த நேரத்தில் நாம் தரக்கூடிய அடைக்கலம் அதுதான்.

அடுத்து ஒரு வளைகாப்புக்குப் போகும்போது இன்னொன்றும் செய்யுங்கள். அந்தக் கூட்டத்தில், குழந்தை தங்காமல் போன ஒருத்தி, ‘நாம் வளையல் போடலாமா?’ என்று தயங்கி ஓரமாக நிற்கக்கூடும். வேதிகையிடம் ஒரு கேள்வியும் கேட்காத கர்ப்பரட்சாம்பிகையை மனசில் நினைத்துக்கொள்ளுங்கள். அவள் கையில் இரண்டு வளையலைக் கொடுத்து, ‘வாம்மா, நீயும் போட்டு விடு’ என்று கூப்பிடுங்கள். மனையில் இருக்கும் பிள்ளைத்தாய்ச்சிக்கும், வயிற்றில் இருந்தபடி கேட்டுக்கொண்டிருக்கும் குழந்தைக்கும் அதைவிட மங்களமான சொல் வேறு எது!