கூப்பிடும் மரியாதை

2004 டிசம்பரில் பாரதி பிரசாத் அந்தமானிலிருந்து ஹாம் ரேடியோவில் பேசியபோது அவரைப் பிடிக்க உலகமெங்கும் போட்டி. (26-ம் தேதி சுனாமி; அதே ரேடியோதான் சேதி சுமந்தது.) இம்மாதிரி அரிய நிலையங்கள் ஓர் அலைவரிசையில் பேசி, கொஞ்சம் தள்ளிக் கேட்கும். அவர் பேசும் இடத்திலேயே நாமும் கத்தினால் யாருக்கும் எதுவும் கேட்காது. தள்ளிக் கூப்பிடுவது மரியாதை.

2017-ல் எஃப்டி8 வந்தது. 15 விநாடிக்கொரு முறை கம்ப்யூட்டர்களே மாறிமாறிக் கூப்பிடும். அதன் 'நரி-வேட்டைநாய்' முறையில் முதல் அழைப்பு 1000 ஹெர்ட்ஸுக்குக் கீழே இருந்தால் நரி கண்டுகொள்ளாது. இலத்தூரில் உட்கார்ந்து கூப்பிடுகிறவரும் தானாகவே யோக்கியர், குற்றாலத்தில் போலீஸ் நிற்கும்போது வரிசையில் நிற்கிற மாதிரி. இதை நான் மரியாதைக் கணக்கில் சேர்க்கமாட்டேன்.

சாதாரண எஃப்டி8-ல் போலீஸ் இல்லை. ஓர் அழைப்பை டபுள் க்ளிக் செய்தால் சாஃப்ட்வேர் நம்மை அழைத்தவரின் தலைமேலேயே உட்கார வைத்துவிடும். தள்ளி நிற்க, 'ஹோல்ட் டிஎக்ஸ் ஃப்ரீக்' என்ற சின்னக் கட்டத்தில் நாமே டிக் போடணும். போடாவிட்டால் யாரும் கேட்கப்போவதில்லை.